139-க்கு 133: ஜோ கிளார்க்கின் கணக்கு எங்கே உதைத்தது?

கேள்வி இதுதான்: 1979-இல் கனடாவின் பிரதமரான ஜோ கிளார்க்கின் அரசு, மூன்று எம்.பி.க்கள் சபைக்கு வராததால் கவிழ்ந்தது என்று பலரும் எழுதுகிறார்களே, அது சரியா? நாற்பது வயதை எட்டும் முன்பே பிரதமரானவர் ஒன்பது மாதத்தில் பதவி இழந்த பிறகு என்ன ஆனார்?

முதல் பாதிக்கு நேரடியான பதில்: சரியல்ல. அந்த மூன்று பேரும் வந்து வாக்களித்திருந்தாலும் அரசு தோற்றிருக்கும். தலைகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

கனடா மக்களவையில் அப்போது 282 இடங்கள். 1979 மே 22 தேர்தலில் கிளார்க்கின் ப்ரோக்ரெசிவ் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 136, அதுவரை பிரதமராக இருந்த பியர் ட்ரூடோவின் லிபரல் கட்சிக்கு 114, புதிய ஜனநாயகக் கட்சிக்கு (கனடாவில் எல்லோரும் சொல்வதுபோல் என்டிபி) 26, சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 6. பெரும்பான்மைக்கு ஆறு இடம் குறைவு. வாக்கு சதவீதத்தில் லிபரல்கள்தான் முன்னே இருந்தார்கள்: 40-க்கு 36. ஆனால் அவர்களுடைய வாக்குகள் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் குவிந்து கிடந்தன. அங்கே 75-இல் 67 இடங்களை அவர்கள் அள்ள, கிளார்க்குக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு.

அடுத்த ஆறு மாதத்தில் இந்த எண்கள் கொஞ்சம் நகர்ந்தன. லிபரல் எம்.பி.யான ஜேம்ஸ் ஜெரோமையே சபாநாயகராகத் தொடரச் செய்தார் கிளார்க். சபாநாயகர் வாக்களிப்பதில்லை, சமநிலை வந்தால்தான் அவர் வாக்கு. ஆகவே எதிரணியில் ஒரு தலை குறைந்தது. கெட்டிக்காரத்தனமான காய்நகர்த்தல்தான். செப்டம்பரில் சோஷியல் கிரெடிட்டின் ரிச்சர்ட் ஜனெல் கட்சி தாவி ஆளுங்கட்சிக்கு வந்தார். இங்கே ஒன்று கூடிற்று. ஆனால் ஆகஸ்டில் முன்னாள் பிரதமர் ஜான் டீஃபன்பேக்கர் காலமாகியிருந்தார். 1953 முதல் அவர் கையில் இருந்த பிரின்ஸ் ஆல்பர்ட் தொகுதியை நவம்பர் 19 இடைத்தேர்தலில் என்டிபி பிடித்தது. ஜனெலை இழுத்துக் கூட்டிய ஒன்று அங்கே போய்விட்டது. போனதோடு நில்லாமல் எதிர்ப்பக்கத்திலும் ஒன்று ஏறியது.

ஆக, டிசம்பர் 13 இரவு, பட்ஜெட் மீது அரசைக் கவிழ்த்த அந்த வாக்கெடுப்பின்போது நிலவரம்: ஆளுங்கட்சி 136, லிபரல் 114 (சபாநாயகரைக் கழித்தால் 113), என்டிபி 27, சோஷியல் கிரெடிட் 5. ஆளுங்கட்சியில் மூன்று பேர் வரவில்லை. வெளியுறவு அமைச்சர் ஃப்ளோரா மெக்டொனால்ட் அரசுப் பணியாக ஐரோப்பாவில் இருந்தார். லாயிட் கிரவுஸ் தென் பசிபிக் பக்கம் விடுமுறையில். ஆல்வின் ஹாமில்டனுக்கு உடம்பு சரியில்லை. லிபரல்களில் வராதவர் செர்ஜ் ஜோயால் ஒருவர்தான், மருத்துவமனையில் இருந்தவர்களைக்கூட அழைத்து வந்துவிட்டார்கள். 112 லிபரல்களும் 27 என்டிபியினரும் சேர்ந்து 139, அரசுக்கு 133. சோஷியல் கிரெடிட்டின் ஐந்து பேர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

இப்போது வராத மூன்று பேரைச் சேர்த்துப் பாருங்கள்: 136. தோல்விதான். அந்த மூவரை விட்டுவிட்டு, ஒதுங்கிய ஐவரை மட்டும் சேர்த்தால் 138. அதுவும் ஒன்று குறைவு. இரண்டும் சேர்ந்தால்தான் 141, அப்போது பிழைத்திருப்பார். ஆகவே, கிரவுஸ் ஏன் விடுமுறையில் போனார் என்று கேட்பதைவிட, அந்த ஐந்து பேரை ஆறு மாதமாக ஏன் யாருமே கவனிக்கவில்லை என்று கேட்பதுதான் முறை.

கவனிக்கவில்லை என்பதைவிட, கிளார்க் வேண்டாமென்று ஒதுக்கினார் என்பதே உண்மை. சோஷியல் கிரெடிட் கிராமப்புறக் கியூபெக்கின் கட்சி. அதன் தலைவர் ஃபேபியன் ர்வாவின் முதல் கோரிக்கை அங்கீகாரம். கனடாவில் ஒரு கட்சிக்கு 12 எம்.பி.க்கள் இருந்தால்தான் அதிகாரபூர்வ அந்தஸ்து. அது இருந்தால் கட்சி அலுவலகத்துக்குப் பணம் கிடைக்கும், கேள்வி நேரத்தில் முறை வரும். ஆறு பேருக்கு விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்டார்கள். கிளார்க் மறுத்தார், ஒருவரைக் கட்சி தாவ வைத்தார், மீதிப்பேரைக் கூடிய சீக்கிரம் கரைந்துபோகும் கட்சியாகவே நடத்தினார். அவர் மனக்கணக்கு எளிது: சோஷியல் கிரெடிட் அழிந்தால் கியூபெக்கில் அந்த வாக்கு தனக்கு வரும். 1980-இல் அந்தக் கட்சி அழிந்துதான் போனது, ஓர் இடம்கூட இல்லை. வாக்கு போனது லிபரல்களிடம்: 75-இல் 74. கிளார்க்குக்கு மிஞ்சியது ஒன்று.

இதற்குப் பின்னால் ஒரு முன்னுதாரணம் இருந்தது. 1957-இல் டீஃபன்பேக்கர் பெரும்பான்மை இல்லாமல் அரசு அமைத்து, அடுத்த ஆண்டே மறுதேர்தலில் 265-க்கு 208 வென்றார். அதேபோல் 'பெரும்பான்மை இருப்பதாகவே பாவித்து ஆள்வோம், எதிர்க்கட்சி கவிழ்த்தால் மக்கள் நமக்கே அள்ளிக் கொடுப்பார்கள்' என்பது கிளார்க் கூட்டத்தின் நம்பிக்கை. ஆனால் டீஃபன்பேக்கர் மக்களுக்குப் பிடித்ததையெல்லாம் செய்துவிட்டுத் தேர்தலுக்குப் போனவர். கிளார்க் ஜூன் 4-இல் பதவியேற்று, சபையைக் கூட்டியது அக்டோபர் 9-இல். நான்கு மாதம் சும்மா போயிற்று. புது அரசுக்கு மக்கள் தரும் தேனிலவுக் காலம் அந்தக் கோடையிலேயே தீர்ந்துவிட்டது.

அந்தக் கோடையில் மக்கள் பார்த்ததெல்லாம் வாக்குறுதிகள் பின்வாங்கியதைத்தான். டெல் அவிவில் உள்ள தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றுவோம் என்றார்கள். அரபு நாடுகளும் கனடாவின் சொந்த வணிக நிறுவனங்களும் எதிர்க்கவே, முன்னாள் கட்சித் தலைவர் ராபர்ட் ஸ்டான்ஃபீல்டிடம் ஆய்வுக்குக் கொடுத்து, அக்டோபரில் கைவிட்டார்கள். அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோ-கனடாவைத் தனியாருக்குத் தருவோம் என்றார்கள், எண்ணெய்த் தட்டுப்பாட்டு நேரத்தில் அது ஊரில் எடுபடவில்லை. வட்டியைக் குறைப்போம் என்றார்கள், மத்திய வங்கியின் வட்டி விகிதம் அக்டோபரில் 14 சதவீதத்தைத் தொட்டது. நியாயமாகச் சொன்னால் இந்தக் கடைசி விஷயத்தில் எந்தப் பிரதமரும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது.

பிறகு பட்ஜெட். நிதியமைச்சர் ஜான் குரோஸ்பி டிசம்பர் 11-இல் வாசித்தார். பெட்ரோல், டீசலுக்குக் கேலனுக்கு 18 சென்ட் வரி, அதாவது லிட்டருக்குச் சுமார் 4 சென்ட். கச்சா எண்ணெய் விலை 1980-இல் பீப்பாய்க்கு 4 டாலர், அதன்பின் ஆண்டுக்கு 4.50 டாலர் ஏறும். கொஞ்ச காலம் வலிக்கும், பிற்பாடு பலன் கிடைக்கும் என்பது குரோஸ்பியின் வாதம். கணக்குப்படி நேர்மையான பட்ஜெட், பற்றாக்குறையை உண்மையிலேயே குறைக்க முயன்றது. ஆனால் ஏழு மாதம் முன்பு வரிக்குறைப்பு வாக்குறுதியோடு வாக்குக் கேட்ட கட்சி கொண்டுவந்த பட்ஜெட் அது. எண்ணெய் விற்கும் ஆல்பர்ட்டாவுக்கும் எண்ணெய் வாங்கும் ஒன்டாரியோவுக்கும் நடுவே கிளார்க் மாட்டிக்கொண்டார். இரண்டு மாகாணங்களிலும் அவர் கட்சியே ஆண்டது, இரண்டும் எதிரெதிராக இழுத்தன.

சபை நடைமுறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரவு புரியாது. 'அரசின் பட்ஜெட் கொள்கையை இச்சபை ஏற்கிறது' என்ற மூலத் தீர்மானத்தின் மேல் பல நாள் விவாதம் நடக்கும். அதற்குப் பிரதான எதிர்க்கட்சி ஒரு திருத்தம் கொண்டுவரும். அந்தத் திருத்தத்துக்கு மூன்றாவது கட்சி ஒரு துணைத் திருத்தம் கொண்டுவரும். வாக்கெடுப்பு தலைகீழ் வரிசையில்: துணைத் திருத்தம்தான் முதலில். எது நிறைவேறினாலும் அரசு நம்பிக்கையை இழந்ததாக அர்த்தம். அன்றைய துணைத் திருத்தம் என்டிபியின் பாப் ரே கொண்டுவந்தது. அப்போது அவருக்கு 31 வயது, பிற்காலத்தில் ஒன்டாரியோ முதல்வரானவர். அதன் வாசகத்தில்தான் சூட்சுமம். என்டிபியின் சொந்தக் கொள்கை எதையும் அவர் அதில் நுழைக்கவில்லை. வட்டியைக் குறைப்போம், வரியைக் குறைப்போம், பொருளாதாரத்தை வளர்ப்போம் என்று இந்த அரசே சொன்ன வாக்குறுதிகளுக்கு இது துரோகம், இப்படி மாறுவதற்கு மக்கள் ஆணை தரவில்லை என்று மட்டும் எழுதியிருந்தார். லிபரல்கள் கைதூக்க எந்தத் தயக்கமும் வேண்டியிருக்கவில்லை.

லிபரல்கள் துணிய மாட்டார்கள் என்பதுதான் ஆளுங்கட்சியின் கடைசி நம்பிக்கை. ட்ரூடோ நவம்பர் 21-இல் தலைமையிலிருந்து விலகுவதாக அறிவித்திருந்தார், தலைவர் இல்லாத கட்சி தேர்தலை இழுத்து விட்டுக்கொள்ளுமா? ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் வெளியான கேலப் கருத்துக்கணிப்பில் லிபரல் 47, கன்சர்வேட்டிவ் 28. பத்தொன்பது புள்ளி இடைவெளி! அதைக் கையில் வைத்துக்கொண்டு மூத்த லிபரல் எம்.பி.யான ஆலன் மெக்கேக்கன் தன் கட்சி எம்.பி.க்களைத் தேற்றி ஒருமுகப்படுத்தினார். கிளார்க்கின் சபை விவகார ஆலோசகர் நான்சி ஜேமிசன், நம்மிடம் எண்ணிக்கை இல்லை என்று அன்று காலையே எச்சரித்தும் இருந்தார். வாக்கெடுப்பைச் சில நாள் தள்ளிப்போட வழி இருந்தது. பெட்ரோல் வரிப் பணம் கியூபெக்குக்குப் போகட்டும் என்று கேட்ட ஃபேபியன் ர்வாவோடு பேரம் பேசவும் வழி இருந்தது. பணிந்துபோவதாகத் தெரியும் என்று எதையும் செய்யாமல் ஒற்றைக்காலில் நின்றார் கிளார்க். கர்ப்பம் தரிக்கப் போதுமான காலம் இருந்தோம், பெற்றெடுக்கத்தான் காலம் போதவில்லை என்று குரோஸ்பி பிற்பாடு கேலி செய்தார்.

ட்ரூடோ ஐந்தே நாளில் மனம் மாறித் திரும்பினார். 1980 பிப்ரவரி 18: லிபரல் 147, கன்சர்வேட்டிவ் 103, என்டிபி 32. அடி விழுந்த இடம் ஒன்டாரியோ. 57-ஆக இருந்த கிளார்க்கின் இடங்கள் 38-ஆக இறங்கின. பெட்ரோல் வரி அங்கேதான் சுட்டது.

அந்த அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லக்கூடாது. லிங்கன் அலெக்சாண்டரைத் தொழிலாளர் அமைச்சராக்கினார், கனடா அமைச்சரவையில் முதல் கறுப்பினத்தவர். வெளியுறவுத் துறைக்கு முதல் பெண் அமைச்சர் ஃப்ளோரா மெக்டொனால்ட். படகுகளில் தப்பி வந்த வியட்நாம் அகதிகளில் 12,000 பேரை ஏற்பதாக இருந்த இலக்கை 1979 ஜூலையில் 50,000 ஆக்கினார்கள். தேவாலயங்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் ஓர் அகதிக்குப் பொறுப்பேற்றால் அரசு இன்னொருவருக்குப் பொறுப்பேற்கும் என்ற அந்த ஏற்பாடு, தனியார் ஆதரவில் அகதிகளை ஏற்கும் கனடாவின் முறைக்கு உயிர் கொடுத்தது. காபந்துப் பிரதமராக இருந்தபோதே டெஹ்ரானில் கனடா தூதர் கென் டெய்லரும் சகாக்களும் ஒளித்து வைத்திருந்த, அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது தப்பிய ஆறு அமெரிக்கர்களுக்கு ரகசியமாகக் கனடா பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டார். ஜனவரி கடைசியில் அவர்கள் தப்பினார்கள். விஷயம் வெளியே வந்து மூன்று வாரத்தில் வாக்குப்பதிவு. வாக்குக்கு அது உதவவில்லை.

கிளார்க் கட்சித் தலைவரான கதையிலும் எண்தான் முக்கியம். ஆல்பர்ட்டாவின் ஹை ரிவர் என்ற சிற்றூரில் 1939-இல் பிறந்தவர், அப்பா உள்ளூர்ப் பத்திரிகை நடத்தியவர். சட்டப் படிப்பை முடிக்கவில்லை, ஸ்டான்ஃபீல்டின் அலுவலகத்தில் வேலை பார்த்து, 1972-இல் ராக்கி மவுண்டன் தொகுதியில் ஜெயித்தார். 1976 பிப்ரவரி தலைமை மாநாட்டில் முதல் சுற்றில் அவருக்கு மூன்றாமிடம்: க்ளோட் வாக்னர் 531, பிரையன் மல்ரோனி 357, கிளார்க் 277. நான்காம் சுற்றில் கிளார்க் 1,187, வாக்னர் 1,122. யாருக்கும் முதல் விருப்பமாக இல்லாவிட்டாலும் யாருக்கும் வெறுப்பாகவும் இல்லாதவர் என்பதால், வலதுசாரி சின்க்ளேர் ஸ்டீவன்ஸும் இடப்பக்கச் சாய்வுள்ள ஃப்ளோராவும் அவரிடமே வந்து சேர்ந்தார்கள். மறுநாள் டொராண்டோ பத்திரிகையில் 'ஜோ யார்?' என்று தலைப்பு. அந்தப் பெயர் கடைசிவரை போகவில்லை.

1983-இல் இதே கணக்கு திரும்பி அடித்தது. ஜனவரியில் வின்னிபெக் மாநாட்டில் தலைமை மறுபரிசீலனை வேண்டாம் என்று 66.9 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். விதிப்படி பாதிக்கு மேல் இருந்தால் போதும். கிளார்க் போதாது என்று தானாகவே பதவி விலகி, தானே போட்டியிட்டார். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவை வைத்துக்கொண்டு விலகியவர் என்று அவரைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஆனால் மீதி மூன்றில் ஒரு பங்கு, நிர்வாகிகளும் எம்.பி.க்களுமாக, அவரை வேலை செய்யவிடப் போவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஜூன் 11-இல் ஓட்டாவா மாநாட்டில் அவர் வாங்கியது முதல் சுற்றில் 1,091, இரண்டில் 1,085, மூன்றில் 1,058. முன்னணியில் இருக்கும் ஒருவருக்குச் சுற்றுக்குச் சுற்று வாக்கு குறைந்தால் அவர் உச்சவரம்பைத் தொட்டுவிட்டார் என்று பொருள். குரோஸ்பி வெளியேறியதும் நான்காம் சுற்றில் மல்ரோனி 1,584, கிளார்க் 1,325. 1976-இல் எல்லோருக்கும் இரண்டாவது விருப்பமாக இருந்தவர், இப்போது வெகு சிலருக்கே இரண்டாவது விருப்பம்.

இங்கேயே நின்றிருந்தால் தோற்ற பிரதமர் என்ற ஒரு வரியோடு அவர் கதை முடிந்திருக்கும். என் கணிப்பில் அவர் வாழ்க்கையின் சிறந்த பகுதி இதற்குப் பிறகுதான். தன்னைத் தோற்கடித்துப் பின்னர் பிரதமரான மல்ரோனியின் கீழ் 1984 செப்டம்பர் முதல் 1991 ஏப்ரல் வரை வெளியுறவு அமைச்சர். வாக்கு எண்ண வேண்டியிராத வேலை, பொறுமையும் கோப்பு படிக்கும் பழக்கமும் போதும், இரண்டும் அவரிடம் நிறையவே இருந்தன. எத்தியோப்பியப் பஞ்சக் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்த சில நாட்களிலேயே, 1984 நவம்பரில், அவர் அங்கே போய் நின்றார். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான தடைகளைப் பிரிட்டனின் மார்கரெட் தாட்சர் எதிர்த்துக்கொண்டிருந்தபோது, 1987-இல் வான்கூவர் காமன்வெல்த் மாநாட்டில் அமைந்த வெளியுறவு அமைச்சர்கள் குழுவுக்குக் கிளார்க்தான் தலைவர். இந்தியா அதில் உறுப்பினர், பிரிட்டன் சேரவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும் ஒரு சம்பவமும் அந்தக் காலத்தது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் மீட்டார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தார்கள் என்று தெரிந்து எதிர்ப்பு கிளம்பியபோதும் மல்ரோனி அரசு அவர்களைத் திருப்பி அனுப்பாமல், தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. குடிவரவு கிளார்க்கின் துறை அல்ல, அதனால் அந்தப் பெருமையை அவர் பேரில் எழுதுவது சரியாகாது. ஆனால் அகதிகள் விஷயத்தில் அந்தக் கட்சியின் அன்றைய முகம் எப்படியிருந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

1991-இல் அரசியல் சாசனப் பொறுப்பு. 1982 சாசனத்தை ஏற்காத கியூபெக்கை அதற்குள் கொண்டுவர, பத்து மாகாண முதல்வர்கள், இரண்டு பிரதேசங்கள், நான்கு பழங்குடி அமைப்புகள் என்று எல்லோரையும் உட்காரவைத்துச் சார்லட்டவுன் உடன்பாட்டை உருவாக்கினார். 1992 அக்டோபர் 26 பொது வாக்கெடுப்பில் 54 சதவீதத்துக்கு மேல் 'வேண்டாம்'. ஒவ்வொருவருக்கும் பிடித்த ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொருவருக்கும் பிடிக்காத ஒன்றும் சேர்ந்துவிடும். மக்களவையில் கியூபெக்குக்கு எப்போதும் 25 சதவீத இடம் என்ற ஒரே விதி போதுமாக இருந்தது, பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதிர்த்தார்கள்.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. 1998-இல் மறுபடி அவரையே தலைவராக்கினார்கள். இம்முறை மாநாட்டுப் பிரதிநிதிகள் இல்லை, ஒவ்வொரு உறுப்பினருக்கும் வாக்கு. ஒவ்வொரு தொகுதிக்கும் 100 புள்ளி, உறுப்பினர் ஆயிரம் பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் அதே 100. உறுப்பினர்கள் ஒரு பகுதியில் குவிந்திருந்தாலும், அந்தப் பகுதியே கட்சியைக் கைப்பற்றாமல் தடுப்பதற்கான ஏற்பாடு. 2003-இல் ஸ்டீபன் ஹார்ப்பரின் வலதுசாரிக் கட்சியான கனடியன் அலையன்ஸோடு இணையும்போது, கிளார்க்குக்குப் பின் தலைவரான பீட்டர் மெக்கே விட்டுக்கொடுக்காமல் வாங்கிய நிபந்தனை இதுதான். இன்றைய கன்சர்வேட்டிவ் கட்சி, சில மாற்றங்களோடு, இதே முறையில்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது.

அந்த இணைப்பைக் கிளார்க் ஏற்கவில்லை. 'ப்ரோக்ரெசிவ்' என்ற சொல்லை எடுத்துவிட்ட அந்தக் கட்சியில் அவர் சேரவில்லை. 2004-இல் ஹார்ப்பரைவிட லிபரல் தலைவர் பால் மார்ட்டினே மேல் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தேர்தலில் நிற்காமல் விலகினார். அதற்கு முந்தைய தேர்தலில், 2000 நவம்பரில், அவர் தலைமையில் கட்சி வென்ற இடங்கள் சரியாக 12. அதிகாரபூர்வ அந்தஸ்துக்கு ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட மிஞ்சவுமில்லை.